மேற்கு எல்லைக்கு ஒரு சாட்சி

நோயாளி வருவதைப் பார்த்துவிட்டு வைத்தியர் பின்சந்து வழியாக ஓடிப்போவதை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? செஞ்சியில் நான் பார்த்திருக்கிறேன். பட்டப்பகலில், கடைத்தெருவே சிரிக்கப் பார்த்திருக்கிறேன். அப்படி ஓடவைத்த மகானுபாவருக்குப் பெயர் மூலப்பத்திரம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்பார்கள். ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே சாய்வு மேஜை போட்டு உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர். யார் நிலம் விற்க வந்தாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை, "மூலப்பத்திரம் எங்க?" என்பதுதான். அதாவது, இந்த நிலம் உனக்கு எப்படி வந்தது, உனக்குக் கொடுத்தவனுக்கு எப்படி வந்தது என்று ஆதியிலிருந்து காட்ட வேண்டும். ஒருமுறை யாரோ வெளியூர்க்காரர் கோட்டையைக் காட்டி, எத்தனை ராஜாக்கள் ஆண்ட மலை என்று வியந்தார். இவர் பேனாவை எடுக்காமலே, "எவன் எவனோ வந்தான், சண்ட போட்டான், புடிச்சான், வுட்டுட்டுப் போனான். ஒருத்தன்கிட்டயாவது பத்திரம் இருந்துச்சா கேளு" என்றார்.

இந்தக் கேள்வியை ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எனக்கு என்ன? நிறுத்த மாட்டார். உடம்பில் கைவைக்கிற எவரையும் அவர் அதே கேள்விதான் கேட்பார். "நெலம் போனா வேற நெலம் வாங்கிக்கலாம்யா. ஒடம்பு போனா எவன்கிட்டப் போயி வாங்குவ?" என்பார். நியாயந்தானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் தோன்றியது.

நான் அப்போது தாலுகா ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. மாமனார் புண்ணியத்தில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். கெட்ட நேரம், அது அவர் வீட்டை ஒட்டிய வீடு. பத்திரத்தையும் அவரே எழுதினார். மேற்கு எல்லை வந்ததும், "மேக்கே என் வூடு" என்று தானே சொல்லித் தானே எழுதித் தானே திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த மேற்கு எல்லை என்னை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

குடிவந்த புதிதில் எனக்குப் பிடரியில் ஒரு கட்டி புறப்பட்டது. சிங்கவரம் போகிற பாதையில் பரம்பரை வைத்தியர் ஒருவர் பச்சை எண்ணெய் போடுவார் என்றார்கள். புறப்பட்டேன். கூப்பிடாமலே மூலப்பத்திரமும் குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிட்டார். வைத்தியர் எண்ணெயில் விரலை நனைக்கிற நேரம், இவர் ஆரம்பித்தார்.

"பரம்பரைன்னு போர்டு போட்டு இருக்குதே, உங்க நைனாவுக்கு எத்தினி பசங்க?"

"ரெண்டு பேருங்க. அண்ணன் கடலக்கா பயிரு வெக்கிறாரு."

"பாகப்பிரிவின ஆச்சா?"

"ஆச்சுங்களே. நெலம், கெணறு, மாடு, எல்லாம் ஆளுக்குப் பாதி."

"வைத்தியம்?"

"இன்னாது?"

"வைத்தியத்தப் பிரிச்சீங்களான்னு கேக்குறன். பிரிக்கலன்னா அது பொதுச் சொத்து. அதுல உங்க அண்ணனுக்குப் பாதி பாத்தியத இருக்குது. அவுரு கையெழுத்து இல்லாம நீ எப்படி இந்தக் குமாஸ்தா கழுத்துல எண்ண பூசுவ?"

வைத்தியரின் விரல் அந்தரத்தில் நின்றது. எண்ணெய் சொட்டுச் சொட்டாக என் சட்டைக்குள் இறங்கியது. விஷயம் எப்படியோ அண்ணன் காதுக்குப் போய், அடுத்த சந்தையன்று அவர் ஏர் பூட்டுவதை விட்டுவிட்டு வந்து, "எண்ணெயில பாதிய ஊத்துடா" என்று தம்பி வாசலில் சட்டியோடு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் தம்பி சண்டை தீர்வதற்குள் என் கட்டி தானாகவே பழுத்து உடைந்தது. "பாத்தியா, செலவில்லாம போச்சு" என்றார் மூலப்பத்திரம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குடையைப் பிடுங்கி முறித்திருப்பேன்.

சந்தையில் பல் பிடுங்குகிறவர் ஒருவர், பிடுங்கிய பற்களையெல்லாம் மாலையாகக் கோத்துப் போட்டிருப்பார். தொழிலுக்கு அதுதான் விளம்பரம். இவர் அந்த மாலையை ஒவ்வொரு பல்லாகத் தள்ளிப் பார்த்து, "இது யாருது? இது யாருது? ஒடையவன் எழுதிக் குடுத்தானா, இல்ல நீயே எடுத்துக்கினியா?" என்று கேட்டார். பாவம், அந்த ஆள் மாலையைக் கழற்றிப் பைக்குள் போட்டார். அதற்குப் பிறகு மூலப்பத்திரத்தின் குடை தூரத்தில் தெரிந்தாலே கடையைச் சுருட்டிக்கொண்டு சந்தில் புகுந்துவிடுவார். அம்மை குத்த வருகிற சர்க்கார் ஆளையும் மூலப்பத்திரம் வழிமறித்து ஆர்டரைக் காட்டச் சொல்வார். அந்த ஆள் பைக்குள் துழாவுகிற நேரத்தில் தெருப்பிள்ளைகள் அத்தனையும் மலையடிவாரத்துக்கு ஓடிவிடும். பிள்ளைகளுக்கு மட்டும் அவர் மேல் ஏகப்பட்ட பிரியம்.

இப்படிப்பட்ட மனிதருக்கு உள்ளுக்குள் ஏதோ ஒரு பெரிய துக்கம் இருக்கும், எந்தப் போலி வைத்தியனோ இவர் வீட்டில் ஓர் உயிரைக் கொண்டுபோயிருப்பான் என்று நான் இரக்கப்பட்டு, அவர் சம்சாரத்திடம் மெல்லக் கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. எங்க வூட்ல எல்லாரும் கல்லு மாதிரி இருக்கிறோம். இந்த மனுசன் பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க நைனாகிட்ட, இது உங்க பொண்ணுதான்னு யாரு சாட்சின்னு கேட்டுச்சு."

அப்புறம் ஜப்பான் சண்டைக் காலம் வந்தது. டாக்டர்கள் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். காய்ச்சல் முற்றினால் திண்டிவனத்துக்குத்தான் போக வேண்டும். பஸ்ஸோ பெட்ரோல் இல்லாமல் கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ். மேடு வந்தால் நோயாளியும் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளியதில் வியர்த்துக் காய்ச்சல் விட்டு, பாதி வழியிலேயே திரும்பி வந்தவர்களும் உண்டு.

அந்தச் சமயத்தில் தெய்வமாகப் பார்த்து அனுப்பியதுபோல் ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். ரங்கூன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். குண்டு விழுந்ததும் ஜனங்களோடு ஜனங்களாகக் காடு மலை கடந்து நடந்தே வந்தவர். ஒல்லியாக இருப்பார், எப்போதும் தரையைப் பார்த்துப் பேசுவார். கடைத்தெருவில் ஓர் அறை எடுத்து மருந்து கொடுக்கத் தொடங்கினார். என் மகள் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக் கிடந்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து பிழைக்கவைத்தவர் அவர்தான். அதனால் அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே குடை உள்ளே நுழைந்தது.

"வாங்க, உட்காருங்க. உடம்புக்கு என்ன?" என்றார் டாக்டர்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. மூலப்பத்திரம் எங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "சர்டிபிகேட்டைக் கேட்கிறார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"அது ஆற்றோடு போய்விட்டதுங்க. பரிசலில் வரும்போது பெட்டி விழுந்துவிட்டது."

"எந்தக் கரைக்குக் கிட்ட வுழுந்துச்சு? இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"தண்ணீரில் விழுந்ததுங்க."

"டாக்டர்னு மெட்ராஸ்ல பதிவு பண்ணிக்கினியா?"

டாக்டரின் முகம் சுண்டிவிட்டது. "எழுதிப் போட்டேன். ரங்கூனில் படித்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ரங்கூனில் இப்போது ஜப்பான்காரன் உட்கார்ந்திருக்கிறான்."

"ஜப்பான்காரனுக்கு எழுதிப் பாத்தியா?"

நான் பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டேன். "ஐயா, இவர் என் குழந்தையைக் காப்பாற்றினவர்!"

"காப்பாத்தினாரு, சரி. பதிவு நம்பரு இல்லாம காப்பாத்தினாரு. நாளைக்கு எவனாவது ஆவாதவன் ஒரு மொட்டப் பெட்டிசன் தட்டுனான்னா, இவுரு கதி இன்னா? கம்பி எண்ணுவாரு. நீ போயி உம் பொண்ணக் காட்டி ஜாமீன் எடுப்பியா?" என்றவர், டாக்டர் பக்கம் திரும்பினார். "மூலப்பத்திரம் தொலஞ்சி போனா அதுக்கும் ஒரு வழி இருக்குது. நெலத்துக்கு நாலெல்லைக்காரனும் வந்து, இவுருதான் ஒடையவரு, எங்களுக்குத் தெரியும்னு கையெழுத்துப் போடுவான். அது மாதிரி ஒன்ன ரங்கூன்ல டாக்டரா பாத்தவன் நாலு பேரு வேணும். கெழக்க ஒருத்தன், மேக்க ஒருத்தன், வடக்க ஒருத்தன், தெக்க ஒருத்தன்."

"டாக்டர் என்ன காணி நிலமா ஐயா? எந்தத் திசையாக இருந்தால் என்ன?" என்றேன் நான்.

"நாலு பக்கமும் அடைக்காத பத்திரத்த நான் எழுதுனதே இல்ல."

அன்றிலிருந்து டாக்டர் அறை வாசலில் மூலப்பத்திரம் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்களிடமெல்லாம், "பதிவு நடந்துக்கினு இருக்குது, அப்பால வாங்க" என்பார். பாதிப் பேர் திரும்பிப்போனார்கள். டாக்டர் மனம் உடைந்துபோனார். "என் மச்சான் காஞ்சிபுரத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிறான். அங்கே போய் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கலாம் என்று பார்க்கிறேன்" என்று என்னிடம் சொன்னார். தாலுகாவுக்கே இருந்த ஒரு டாக்டரையும் இந்த மனிதர் துரத்திவிடப் போகிறாரே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. "உருப்படுவீங்களா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். "வடக்கு கெடச்சிடுச்சு" என்றார்.

உண்மையாகவே ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். வடக்குக்குச் சிங்கவரத்தில் ஒருவர். ரங்கூன் ஆஸ்பத்திரிக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவர். தெற்குக்கு மண்டகப்பட்டு ஆரோக்கியசாமி. ரங்கூனில் அரிசி மில்லில் வேலை செய்தவர். மூத்த பிள்ளையின் பிரசவத்துக்கு வந்தவர் இந்த டாக்டர்தான் என்று மாதா மேல் சத்தியம் செய்தார். கிழக்கே, திண்டிவனம் சாலையில், ரங்கூனிலிருந்து திரும்பிய ஒரு மளிகைக்காரர். மூன்று பேரும் டாக்டரைத் தங்கம், வைரம் என்று புகழ்ந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நாலாவதாகவும் ஒருவர் வந்தார். டாக்டரோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோவே வைத்திருந்தார். அப்பாடா, முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

"எந்த ஊரு?" என்றார் மூலப்பத்திரம்.

"திண்டிவனம் பக்கங்க."

"கெழக்கு ரொம்பிடுச்சு. போயிட்டு வாப்பா."

அந்த மனிதர் போட்டோவும் கையுமாக பஸ் ஏறினார். நான் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மேற்கு எல்லைக்காகத் திருவண்ணாமலை சாலையில் குடையோடு அலைந்த மூலப்பத்திரம் நனைந்துபோய் வந்து படுத்தார். இரண்டே நாளில் நெஞ்சில் சளி கட்டி, உடம்பு அனலாய்க் கொதித்தது. காலையில் அவர் சம்சாரம் ஓடிவந்து என் கதவைத் தட்டினார். "தம்பி, மூச்சு வுட முடியல அவுருக்கு. பஸ்ஸும் வல்ல, ரோடு அறுத்துக்கினு போச்சாம்." நான் டாக்டரை இழுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் நாடியைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், பைக்குள்ளிருந்து ஒரு சீசாவை எடுத்தார். அந்தக் காலத்தில் பொன்னுக்குச் சமமாகக் கிடைத்த சல்பா மாத்திரை.

மூலப்பத்திரம் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வாயைத் திறங்க ஐயா" என்றார் டாக்டர்.

தலையை ஆட்டினார். பல்லிடுக்கில் வார்த்தை வந்தது. "மேக்கு வல்ல."

"யோவ்!" என்று கத்திவிட்டேன். அதுவரை அவரை நான் ஐயா என்றுதான் கூப்பிட்டிருந்தேன். "செத்துப்போவீரு! தெரியுதா? சாகப்போற நேரத்தில என்னய்யா திசை பார்க்கிறீரு?"

"எல்ல... அடையலியே."

சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, "இந்த மாத்திரை பொழுது சாய்வதற்குள் உள்ளே போக வேண்டும். அப்புறம் நான் எதற்கும் பொறுப்பில்லை" என்றார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சைக்கிளை எடுத்தேன். மேற்கே மிதித்தேன். சேற்றிலும் தண்ணீரிலும் வழியெல்லாம் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம், "ரங்கூனிலிருந்து வந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். எத்தனையோ பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் ஆலம்பூண்டி பக்கத்தில், கடலைக்கொல்லை வரப்பில் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்த ஒருவனைக் காட்டினார்கள். இடது முழங்கை வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. எதற்கு, என்ன என்று சொல்ல நேரமில்லை. "ஓர் உயிர் போகுதுய்யா, ஏறு" என்று கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தவன் டாக்டரைப் பார்த்தான். பார்த்ததும் கோணிப்பையைக் கீழே போட்டான்.

"அடேய் டாக்டரே! இங்கதான் ஒளிஞ்சிக்கினு இருக்கிறியா? என் கையப் பாருய்யா! நீ கட்டுன லட்சணத்தப் பாரு!"

எனக்கு உயிரே போய்விட்டது. புகழ்ந்து பேச ஓர் ஆளைக் கொண்டுவரச் சொன்னால், வம்புக்காரனையா ஏற்றிக்கொண்டு வந்தேன்!

தரையைப் பார்த்தே பேசுகிற டாக்டருக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்து பார்த்தேன். "நீயா? ஜன்னலோரக் கட்டில்காரன்தானே? கட்டை அவிழ்க்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேனா இல்லையா? அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கப்பலில் மூட்டை தூக்கப் போனது யார்?"

"அரிக்குதுன்னு சொன்னன், நீ காதுல வாங்குனியா?"

"அரித்தால் அவிழ்த்துவிடுவதா?"

"குமாஸ்தா!" என்று கட்டிலிலிருந்து ஒரு கீச்சுக் குரல். மூலப்பத்திரம் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் பளபளத்தன. "எழுதிக்கோ. எழுதிக்கோ. மேக்கு இதான்."

"ஐயா, இவன் திட்டுகிறானே!"

"அதான்யா சாட்சி! புகழ்ந்தவன் மூணு பேரு மேலயும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம்தான். எவன் வேணாலும் புகழ்வான். எல்லத் தகராறு பண்றவன்தான்யா நெசமான பக்கத்து நெலத்துக்காரன். கைநாட்டு வாங்கு. அந்தக் கோணக் கையாலயே வெக்கச் சொல்லு."

பத்திரத்தில் மூன்று கையெழுத்துக்குக் கீழே நாலாவதாக அந்த ரேகை விழுந்தது. மூலப்பத்திரம் அதை வாங்கி, மை காய்ந்ததா என்று ஊதப் பார்த்தார், மூச்சு வரவில்லை. என்னை ஊதச் சொன்னார். ஊதினேன். அதற்குப் பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, குழந்தை மாதிரி வாயை ஆவென்று திறந்தார். மாத்திரை உள்ளே போகிறவரை நான் மையை ஊதிக்கொண்டே இருந்தேன்.

பிழைத்துக்கொண்டார். எழுந்து கஞ்சி குடிக்கிற நிலைக்கு வந்ததும், மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிடுவது என்று போனேன். "கொஞ்சமாவது அறிவு இருக்கிறதா உங்களுக்கு? முதலில் மாத்திரையை முழுங்கிவிட்டு அப்புறம் சாட்சி தேடினால் குடிமுழுகிவிடுமா?"

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "முழுகிடும் தம்பி. பத்திரம் எழுதுறவன் நானு. இவுருகிட்ட மருந்து துன்னு பொழச்சவன், நன்றிக்கு எழுதிக் குடுத்துட்டான்னு மெட்ராஸ்ல ஒரே தள்ளா தள்ளிடுவான். அப்பால அந்தப் புள்ள ஆயுசுக்கும் நம்பரு வாங்க முடியாது. காட்டுல நடந்து, பொட்டிய ஆத்துல வுட்டு வந்தது அரிசி மூட்ட எண்றதுக்கா?"

"நீங்கள் செத்திருந்தால்?"

"அதான் பயந்துகினு இருந்தன்" என்றார். "நான் பூட்டன்னா மேக்க யாரு தேடுவான்?"

கீழே இருந்த கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

பத்திரம் மெட்ராஸுக்குப் போய், கேள்வி வந்து, பதில் போய், ஒருவழியாக நம்பர் வந்தது. அதைச் சட்டம் போட்டு டாக்டர் அறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியவர் மூலப்பத்திரம்தான். மாட்டியபின் மூக்கு உரச நின்று, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். முக்காலியை வாசலிலிருந்து எடுத்து உள்ளே போட்டு, முதல் நோயாளியாக உட்கார்ந்து, "இப்ப சொல்லு டாக்டரே, எனக்கு இன்னா?" என்றார். அவருக்கு ஒன்றுமே இல்லை. டாக்டர் அவர் கையைப் பிடித்து வெகுநேரம் நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மாற்றலாகி மெட்ராஸுக்கு வந்தபின்னும் செஞ்சி வீட்டை விற்க மனம் வரவில்லை. வாடகைக்கு விட்டிருந்தேன். போன வருஷந்தான் விற்றேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே இப்போது யாரோ ஒரு பையன் பத்திரம் எழுதுகிறான், சுறுசுறுப்பான பிள்ளை. கிழக்கு, வடக்கு, தெற்கு எழுதிவிட்டு நிமிர்ந்தான்.

"மேக்கே யாரு வூடு சார்?"

சொன்னேன்.

"அவுரு எப்பவோ பூட்டாரே சார். வூடு ரெண்டு கை மாறிடுச்சு. இப்ப இருக்கிறவங்க பேரத்தான் எழுதணும்."

எழுது என்றேன். சட்டப்படி அதுதான் சரி. அந்த மனிதர் இருந்திருந்தால் அவரும் அதைத்தான் எழுதச் சொல்லி என்னை அதட்டியிருப்பார். பையன் எழுதி முடித்து மையை ஊதிக் காயவைத்தான். நான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அந்த வரியைப் படித்துப் பார்த்தபோது, அது யாரோ ஒருத்தர் வீட்டின் எல்லையாகத்தான் இருந்தது. என் வீட்டுக்கு மேற்கே அவர்தான்.